வினிபிரட் அக்கா வெளிச்சத்துக்கு மட்டம் பார்த்தது

வினிபிரட் அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் ஒழுங்கை வீடுகளில் சொல்லிக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவருடைய எதிர்வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷமாக வெங்காயத் தோட்டம் செய்பவன் நான். அக்கா நன்றாகவே பயப்படுவார். நாங்கள் பயந்தால் சத்தம் போடுவோம், முருகனைக் கூப்பிடுவோம், பக்கத்தில் நிற்பவனைக் குற்றம் சொல்லுவோம். அக்கா பயந்தால் அளவுநாடாவைக் கையில் எடுப்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மனையியலும் தையலும் படிப்பித்தவர். பண்டத்தரிப்புப் பக்கத்தில் இன்றைக்குப் பேரப்பிள்ளை கண்டிருக்கிற எத்தனையோ பெண்களுக்கு பொத்தான் துளை தைக்கப் பழக்கியது அவர்தான். தையல் கோணிப்போனால் ஒரு சொல் ஏசமாட்டார். கத்தரிக்கோலை நீட்டி, "தையலைப் பிரியும், பிள்ளை" என்பார். தொண்ணூற்றைந்தில் சண்டை வந்து ஊரே தென்மராட்சிக்கு எழும்பி ஓடியபோது, சனம் பாய் தலையணை, பானை சட்டி என்று மூட்டை கட்ட, அக்கா தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். கொடிகாமத்தில் ஒரு மாமரத்தடியில் அதைப் பலகையில் பூட்டி, கையால் சுற்றித் தைத்தே அந்தக் காலத்தைக் கடத்தியதாகச் சொல்லுவார்கள். அவரிடம் கேட்டால், "அதிலை என்ன கிடக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அவருடைய கணவர் ஜெபரட்ணம் அண்ணை தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பாடும்போது மட்டும் அந்தக் குரலுக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய், ஆஸ்பத்திரியில் மெசினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வரவேண்டும் என்றாயிற்று. அதுவரைக்கும் வீட்டிலிருந்த பழைய ஜப்பான் காரை ஓட்டியவர் அண்ணைதான். நாலு மணித்தியாலம் மெசினில் கிடந்து எழும்புகிற மனிதனால் கார் ஓட ஏலாது. ஒரே மகன் றொஷான் கனடாவில். அப்படித்தான் வினிபிரட் அக்கா, தலை முழுக்க நரைத்த பிறகு, கார் ஓடப் பழகினார். ஒழுங்கையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மூன்றாம் மாதம் அதே ஒழுங்கைக்குள் கேற் வரைக்கும் ஒரே பிடியில் பின்பக்கமாகக் காரை விட்டுக் காட்டினார், சிரிப்பு நின்றது.

அவர்களுக்குக் கிடைத்த முறை செவ்வாயும் சனியும் பின்னேரம். போகும்போது நல்ல வெயில். திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

போன ஆவணிக்குப் பிறகு அக்காவின் முகத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். காரை விட்டு இறங்கினால் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் வேலியடியில் வைத்து, "றோட்டு எனக்கு வரவரக் கட்டையாகுது தம்பி" என்றார். எனக்கு விளங்கவில்லை. "முந்தி தூரத்திலை வாற ஆளைக் கண்டனான். இப்ப கிட்ட வந்த பிறகுதான் காணுறன். கண் போகுதோ தெரியேல்லை."

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. சண்டிலிப்பாய் தாண்டி வரும்போது, ரியூசன் முடிந்து லைற் இல்லாத சைக்கிளில் போன ஒரு பிள்ளையை அக்கா கடைசி நொடியில்தான் கண்டார். பிறேக் அடித்தார். காரின் முன்பக்கம் சைக்கிளின் மட்காட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பிள்ளை ஓரத்துப் புல்லில் விழுந்து, எழும்பி, பாவாடையைத் தட்டிவிட்டு, "பரவாயில்லை அன்ரி" என்று சொல்லிச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டாள். பின்சீற்றில் சரிந்து கிடந்த அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்தான். "இனி நான் உந்தக் காரிலை ஏறமாட்டன்."

ஓட்டோவில் போகலாமே என்றால், மெசினால் எழும்பியவருக்கு ஓட்டோவின் குலுக்கத்தில் தலை சுற்றி வாந்தி வரும். முன்பு ஒருதரம் பார்த்தாயிற்று. வேறு யாருடைய காரையாவது கேட்கலாம் என்றால், கிழமைக்கு இரண்டு தரம் ஊரைக் கரைச்சல்படுத்திச் சீவிக்கமாட்டேன் என்றார். சின்னக் குரல்காரர்கள் பிடிவாதம் பிடித்தால் கடவுள் வந்தாலும் அசைக்க முடியாது. சனிக்கிழமை வந்தது. அண்ணை போகவில்லை. "என்னைச் சாகாமல் வைச்சிருக்க ஒரு தாயின்ரை பிள்ளையைக் கொல்லுறதோ?" என்று அவர் கேட்டது, அவர்களுடைய யன்னலால் என் காதில் விழுந்தது. எனக்கோ கார் ஓடத் தெரியாது. ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் நீர் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஏதாவது நடக்கவேண்டும்.

அக்கா இதற்கிடையில் பஸ்ஸில் தனியே போய்க் கண்ணைச் சோதித்துவிட்டு வந்திருந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "கண் சரியெண்டால் லைற் பிழை. இரண்டிலை ஒண்டுதானே" என்றார். அதை அவர் சொன்ன விதம், தையலில் எந்த இடத்தில் நூல் விட்டது என்று பார்ப்பவருடைய விதம்.

ஞாயிறு பின்னேரம் நான் எட்டிப் பார்த்தபோது, அக்கா முன்மதிலடியில் முழங்காலில் இருந்து, துணியில் கோடு போடுகிற சோக்கால் மதிலில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கார் போட்டிக்கோவுக்குள் மதிலைப் பார்த்தபடி நின்றது.

"என்ன அக்கா, மதிலுக்குச் சட்டை தைக்கப் போறியளோ?"

"ஓம். உமக்கு வேலை இல்லையெண்டால் உந்த நாடாவின்ரை நுனியைப் பிடியும்."

பிடித்தேன். லைற்றைச் சோதிக்கிற முறை எல்லாவற்றையும் அக்கா போனில் தேடிப் படித்து மனதில் வைத்திருந்தார். கார் மதிலிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிற்கவேண்டும். ரயர் நாலுக்கும் காற்று சரியாக இருக்கவேண்டும். லைற்றின் நடு நிலத்திலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் மதிலில் ஒரு கோடு. அதற்கு இரண்டு அங்குலம் கீழே இன்னொரு கோடு. டிம் லைற்றைப் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் லைற்றுக்குப் பின்னாலிருக்கிற திருகாணியைத் திருப்பி நிறுத்தவேண்டும். கேட்கக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு றோட்டு முழுவதையும் ஒரு மதிலுக்குள் மடித்து வைத்துவிட்டார்களே!

அப்போதுதான் காரைப் பக்கவாட்டில் பார்த்தேன். பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. கதை இதுதான்: ஆவணியில் றொஷான் குடும்பத்தோடு வந்திருந்தான். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுச் சனம் வந்தால் காருக்குப் பிடிக்கிற நோய் எல்லோருக்கும் தெரியும். ஆறு பேர் ஏறி, மடியில் இரண்டு பேர் இருந்து, டிக்கி மூடாமல் சூட்கேஸை அடைத்துக் கயிற்றால் கட்டி, நல்லூருக்கும் சந்நிதிக்கும் கீரிமலைக்கும் ஓடுவார்கள். அடி உரசும். உடனே கராச்சில் விட்டுப் பின் ஸ்பிரிங்குக்குள் ரப்பர்க் கட்டை வைத்து உயர்த்துவார்கள். சனம் விமானம் ஏறிப் போய்விடும், கட்டை போகாது. இங்கே எத்தனையோ கார்கள் வருஷம் முழுக்க அப்படித்தான் குண்டியைத் தூக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்து ஓடித் திரிகின்றன. யாரும் அதையும் லைற்றையும் சேர்த்து யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

"அக்கா, கட்டையைக் கழட்டிவிட்டால் சரிதானே?"

"கழட்டினால் ஒழுங்கை முடக்கிலை இருக்கிற மதகிலை அடி இடிக்கும். ஊசி குத்தின கையோடை அவர் துள்ளிப்போவார். கட்டை கிடக்கட்டும், லைற்றைத் திருத்துவம்."

பொழுது பட்டது. அக்கா டிம்மைப் போட்டார். நான் மதிலடியில் நின்றேன். வெளிச்சத்தின் விளிம்பு கீழ்க்கோட்டில், கோடு போட்டதுபோலச் சரியாக விழுந்திருந்தது. ஒரு நூல்கூட விலகவில்லை.

நான் முட்டாள்தனமாகக் கை தட்டினேன். "லைற் அச்சொட்டாக இருக்குது அக்கா!"

அக்கா காரை விட்டு இறங்கி வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அப்ப பிழை என்னிலைதான்" என்றார். மதிலோடு சாய்ந்து நின்றுவிட்டார். லைற் சரி, கண் சரி என்றால், அவருக்கு வயது போய்விட்டது, புத்தி மந்தமாகிவிட்டது, கார் ஓடத் தகுதி இல்லை என்பதுதானே மிச்சம். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமையும் இல்லை. கை தட்டிய என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

சோக்கும் மண்ணுமான கையைக் கழுவ அவர் போட்டிக்கோவுக்குப் போய் வாளியைச் சரித்தார். நான் வாசற் படலையை நோக்கி நடந்தேன். பின்னால் ஒரு குரல், பள்ளிக்கூட மைதானத்துக்குக் கேட்கிற குரல்.

"தம்பி! தண்ணி ஏன் அங்கை ஓடுது?"

திரும்பிப் பார்த்தேன். அவர் ஊற்றிய தண்ணீர் போட்டிக்கோவின் விளிம்பால் இறங்கி, முற்றத்து மணலில் ஒரு கோடாக, நேரே மதிலடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடாமல் என்ன செய்யும்? கார்த்திகை மழைக்கு வெள்ளம் வீட்டுக்குள் வராமல் ஒழுங்கைப் பக்கம் வடியட்டும் என்று எங்கள் முற்றம் எல்லாவற்றையும் சரிவாகத்தானே போட்டிருக்கிறோம். மட்டமான முற்றம் வைத்திருப்பவனைப் பார்த்து இங்கே சனம் சிரிக்கும். கார் நின்ற இடம் உயரம். அக்கா மதிலில் அளந்தது பள்ளத்தில் இருந்து. கோடுதான் பிழை.

"உம்மட்டை மேசன்மார் மட்டம் பார்க்கிற ரியூப் கிடக்குதெல்லே? ஓடிப்போய் எடுத்துவாரும்."

வெங்காயக் கொட்டிலுக்குச் சீமெந்து போட்டபோது வாங்கிய, உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் ரியூப் என்னிடம் இருந்தது. தண்ணீர் நிரப்பினோம். ஒரு நுனியை அக்கா லைற்றின் நடுவோடு பிடித்தார், மற்ற நுனியை நான் மதிலோடு பிடித்தேன். நடுவில் ரியூப் முற்றத்து மணலில் வளைந்து நெளிந்து கிடந்தது. என் பக்கத்துத் தண்ணீர் ஏறி, இறங்கி, ஆடி, பிறகு அசையாமல் நின்றது. எத்தனையோ தரம் மேசன் செய்யக் கண்டதுதான். அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபத்தைந்து அடிக்கு அப்பால் நிற்கிற காரின் கண்ணின் உயரத்தை இந்தத் தண்ணீர் யாரையும் கேட்காமல் அறிந்து வந்து சொல்கிறதே! நான் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோக்கால் குறி வைத்தேன். பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது புதுக் கோடு.

ஒரு சாண். மதிலில் ஒரு சாண் என்பது றோட்டில் எவ்வளவு தூரம் என்று அக்கா சொல்லிக்காட்டினார். அத்தனை தூரம் அவர் இருட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார். அதற்குள்தான் அந்தப் பிள்ளையும் சைக்கிளும் இருந்திருக்கின்றன.

உடனே திருகாணியைத் திருப்பத் துடித்தேன். அக்கா விடவில்லை. "இல்லைத் தம்பி. வெறும் காருக்குத் திருத்தினால் அவர் பின்சீற்றிலை ஏறின உடனே முன்பக்கம் எழும்பும். எதிரை வாறவன்ரை கண்ணிலை அடிக்கும். அவர் இருக்கேக்கைதான் திருத்த வேணும்."

"அதுக்கென்ன அக்கா, என்னட்டை வெங்காய மூட்டை கிடக்குது. அண்ணையின்ரை நிறைக்கு அளந்து பின்சீற்றிலை அடுக்கிவிடுறன்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஏச்சுமில்லை. "உம்மடை வெங்காயத்தை நீர் வைச்சிரும்" என்றார். மூட்டை வைத்தால் போதும் என்பது அவருக்குத் தெரியாதா? அண்ணையை அந்தக் காருக்குள் ஏற்றுவதுதான் அவருடைய கணக்கு. அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு வந்தது சாதாரண மரியாதை இல்லை. கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

திங்கள் பின்னேரம் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அறை வாசலில் நின்று பேசினார். அண்ணை கட்டிலில் இருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து காருக்குள்ளை இருங்கோ."

"நான் ஏறமாட்டன் எண்டு சொன்னனான்."

"காரை ஓடப்போறேல்லை. நிப்பாட்டின காருக்குள்ளை இருக்கச் சொல்லுறன். பாரத்துக்கு."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். "பாரத்துக்கோ?" என்று கேட்ட அவருக்கு, பல நாளைக்குப் பிறகு, உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அதுக்கெண்டால் நான் இன்னும் உதவுவன்" என்று சொல்லி எழும்பினார்.

அவர் ஏறுமுன் அக்கா டிக்கியைத் திறந்து, உள்ளே கிடந்த தேங்காய்களில் ஐந்தாறை இறக்கி வைத்தார். ஏனென்று கேட்டேன். சனிக்கிழமை போகாததால் அண்ணையின் உடம்பில் நீர் கூட நிற்கிறது, ஆஸ்பத்திரியால் வரும்போது அந்தப் பாரம் இருக்காது, அவ்வளவை இப்போதே டிக்கியில் குறைக்கவேண்டும், இருட்டில் ஓடுவது வரும்போதுதானே என்றார். நான் பகிடியாக, "மூண்டு நாலு கிலோவுக்கு லைற் என்ன அசையவே போகுது?" என்றேன்.

"அசையாது. ஆனால் அசையாதெண்டு எனக்குத் தெரியவேணுமெல்லே."

அண்ணை பின்சீற்றில் வழக்கம்போலச் சரிந்து கால்நீட்டி இருந்தார். கார் பின்னால் மெல்ல அமிழ்ந்தது. பொழுது பட, அக்கா ஒரு லைற்றைத் துணியால் மூடிவிட்டு மற்றதின் திருகாணியைத் திருப்பத் தொடங்கினார். நான் மதிலடியில் நின்று "மேலை... இன்னும்... காணும், போதும்" என்று கத்தினேன். அவர் திருப்பிய ஒவ்வொரு திருப்புக்கும் மதிலில் வெளிச்சம் மயிரிழை மயிரிழையாக ஏறியது. இரண்டு லைற்றும் முடிந்து துணியை எடுத்தபோது வெளிச்சத்தின் முழு வடிவமும் மதிலில் தெரிந்தது. வலப்பக்கம் மட்டமாக அடங்கிக் கிடந்தது. இடப்பக்கம் மட்டும் மெல்ல மேலே ஏறிப் போயிற்று. அது ஏன் அப்படி என்று கேட்டேன்.

"வலப்பக்கத்தாலை எதிர் வாகனம் வரும். அவையின்ரை கண்ணுக்கு அடிக்கக் கூடாது. இடப்பக்கம் றோட்டோரம். நடந்து போறவை, சைக்கிளிலை போறவை. அவையளைக் காணவேணும்."

எங்கேயோ ஜப்பானில் முகம் தெரியாத ஒருவன் இருந்து, எதிரே வருகிறவனுடைய கண்ணையும் ஓரத்தால் போகிறவளுடைய உயிரையும் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் யோசித்து வைத்திருக்கிறான். நாங்கள் அதற்கு மேலே சூட்கேஸ் அடுக்கி, கட்டை வைத்து, அவனுடைய யோசனையை நிலத்தில் கவிழ்த்துவிட்டோம். அண்ணை கண்ணாடியால் மதிலைப் பார்த்தபடியே இருந்தார். இறங்கச் சொல்லியும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. "நாளைக்கு ஒருக்காப் போய்ப் பார்ப்பம். ஒருக்காத்தான்" என்றார்.

செவ்வாய் நானும் போனேன். என்னத்துக்கு என்று என் மனைவி கேட்டாள். காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியால் வெளிக்கிடும்போது நன்றாக இருட்டிவிட்டது. அண்ணை களைத்துப்போய்ப் பின்னால் கிடந்தார். நான் முன்சீற்றில். ஊர் வெளிச்சங்கள் குறைந்து மானிப்பாய் தாண்டியதும் றோட்டு எங்களுக்கு முன்னால் விரிந்தது. நான் பிறந்து வளர்ந்த றோட்டு. அதை அன்றைக்குத்தான் முதலில் காண்பதுபோல இருந்தது. வேலிக்கு நட்ட கதியால் மரத்தின் ஒவ்வொரு இலையும், மதிலோரம் படுத்த நாயும், தூரத்து மின்கம்பத்தின் வெள்ளைப் பூச்சும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்தன. எதிரே வந்த ஒரு மோட்டச்சைக்கிள்காரன்கூட லைற்றை மினுக்கி எங்களை ஏசவில்லை. ஸ்ரேரிங்கைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததைக் கண்டேன்.

சண்டிலிப்பாய் கழிந்து சிறிது தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து அண்ணை பதறி எழும்பினார். "வினி, சைக்கிள்! லைற் இல்லாத சைக்கிள்!"

"கண்டிட்டன்" என்றார் அக்கா. கார் முன்பே மெதுவாகியிருந்தது. புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளை ஒரு கிழவர் உருட்டிக்கொண்டு போனார். நாங்கள் அகலமாக விலகிக் கடந்தோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கை வைச்சுக் கண்டனீர்?"

"அந்தக் கோயில் மதில் தொடங்கேக்கையே கண்டிட்டன்."

அண்ணை திரும்பி அந்த மதிலைத் தேடினார். அது எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில், இருட்டோடு இருட்டாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மறுபடி சரிந்து படுத்தார். நித்திரையாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வினி, சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?"

மூன்று வருஷமாக ஒரே நேரம். அவருக்குத் தெரியாததா?

"ஒரு மணிக்கு" என்றார் அக்கா. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் காரை ஓரங்கட்டி, அந்த நல்ல வெளிச்சத்தை எரியவிட்டபடியே, முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.